அக்கினிராசுவுக்காகக் கிழித்த நாட்கள்

அக்கினிராசு ஐந்தாம் பாகம் வெளியான வெள்ளிக்கிழமை காலைக் காட்சியில், எங்கள் ஊர் பவளம் தியேட்டரில், ராசு திரையில் முகம் காட்டிய அந்த நொடியில் நாங்கள் வீசிய காகிதம் கீழே இறங்கவில்லை. வழக்கம்போல் மேலே போயிற்று, வழக்கம்போல் ஒரு சுற்றுச் சுற்றியது, பிறகு தலைக்கு மேலே ஓர் ஆள் உயரத்திலிருந்து கூரை வரைக்கும் அங்கங்கே அப்படியே நின்றுவிட்டது. விசிலடிப்பதில் மும்முரமாக இருந்த எங்களில் ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை. இடைவேளைக்கு விளக்குப் போட்டபோதுதான் பார்த்தோம். ஃபேன் காற்றில் நிற்கிறது என்றான் ஒருவன். ஏ.சி. வைத்ததிலிருந்து தியேட்டரில் ஃபேனே கிடையாது என்றான் இன்னொருவன். அதற்குள் முட்டை போண்டா தீர்ந்துவிடும் என்று யாரோ கத்தவும் எல்லோரும் வெளியே ஓடினோம்.

எந்தக் காகிதம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். சிவகாசியைச் சுற்றிக் கிடக்கிற ஊர்களில் எங்கள் காளியூரணியும் ஒன்று. பாதிப் பேருக்குத் தீப்பெட்டி வேலை, மீதிப் பேருக்கு அச்சக வேலை. தமிழ்நாட்டில் எந்த வீட்டுச் சுவரில் தினசரிக் காலண்டர் தொங்கினாலும் அதில் ஒரு தாளையாவது எங்கள் ஊர்க்காரன் அடித்திருப்பான், அல்லது அடுக்கியிருப்பான், அல்லது வெட்டியிருப்பான். மற்ற ஊர் ரசிகர்கள் பழைய பேப்பரைக் கிழித்து வீசிக்கொள்ளட்டும், நாங்கள் காலண்டர் தாளைத்தான் வீசுவோம். அக்கினிராசுவின் ஒரு பாகம் தியேட்டரை விட்டுப் போன மறுநாளிலிருந்து அடுத்த பாகம் வருகிற நாள்வரைக்கும், எங்கள் ரசிகர் மன்றத்துச் சுவர்க் காலண்டரில் சாயங்காலம்தோறும் கிழிக்கிற தாளைக் குப்பையில் போடாமல் சாக்கில் சேர்த்து வைப்போம். படம் வருகிற வாரம் உட்கார்ந்து அத்தனையையும் நாலு நாலாகக் கிழிப்போம். நாலுக்கு மேல் கிழிக்கக் கூடாது, ஏனென்றால் பொடி அதிகமானால் தியேட்டர் கூட்டுகிற முத்துப்பேச்சியக்கா விளக்குமாற்றோடு எங்களைத் தெருமுனை வரைக்கும் துரத்துவாள்.

இந்தச் சட்டங்களையெல்லாம் போட்டவர் மன்றத் தலைவர் வெயிலுமுத்து. அச்சகத்தில் கட்டிங் மெஷின் ஓட்டுகிறவர், அவர் கையால் காகிதத்தைக் கிழித்தாலும் மெஷின் வெட்டியதுபோல் நேராக இருக்கும். "காத்துக் கெடந்த நாளையெல்லாம் ராசு தலையில கொட்டுறோம்டா, வேற எந்த ஊர்ல இந்த மரியாதை கெடைக்கும்?" என்று ஒவ்வொரு பாகத்துக்கும் சொல்லுவார். கல்யாணம் செய்துகொள்ளச் சொல்லி வீட்டில் கேட்டபோது இரண்டாம் பாகம் வரட்டும் என்றார், பிறகு மூன்றாம் பாகம் வரட்டும் என்றார், நாலாம் பாகம் வந்தபோது கேட்பதற்கு வீட்டில் ஆளில்லை. மன்றச் செயலாளர் சந்தனகுமார். அதே அச்சகத்தில் காலண்டர் தாளை அடுக்கி ஸ்டேப்ளர் பின் அடித்துக்கொண்டிருந்தவர், வெயிலுமுத்துவோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர். சந்தனகுமாரின் மனைவி ராசகனிக்குக் கூடப்பிறந்தவர்கள் யாருமில்லை என்பதால், அவர்கள் கல்யாணத்தன்றே வெயிலுமுத்து தானாகப் போய் அண்ணன் இடத்தில் நின்றுகொண்டார். அன்றிலிருந்து வெயிலுமுத்துவுக்கு அவர் மாப்ள, அவருக்கு இவர் மச்சான். ராசகனிக்குப் பிறந்த பெண்ணுக்கு மூன்றாம் பாகத்தில் ராசுவின் தங்கையாக வருகிறவளின் பெயரைச் சூட்டி, சுடர்க்கொடி என்று காதில் மூன்று முறை சொன்னவரும் வெயிலுமுத்துதான். மடியில் வைத்துக் காது குத்தியதும் அவர்தான்.

ராசுவைத் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. முதல் பாகத்தில் அவன் எங்களை மாதிரியே தீப்பெட்டி ஆபீஸ் தொழிலாளி. கட்டைவிரல் நகத்தில் குச்சியை உரசிப் பற்றவைத்து, தங்கச்சி கையில் கொடுத்து, "இது அணையறதுக்குள்ள வந்துருவேன்" என்று சொல்லிவிட்டுப் போய், ஜமீன்தாரின் ஆட்கள் இருபது பேரைச் சாய்த்துவிட்டுத் திரும்பி வந்து அதே நெருப்பில் பீடி பற்றவைப்பான். குச்சி அவ்வளவு நேரம் எரியுமா என்று எங்கள் ஊரில் ஒருவரும் கேட்டதில்லை, குச்சி செய்கிற ஊரில் அந்தக் கேள்வியே அவமானம். அந்தக் காலத்தில் எங்கள் ஊர் இளவட்டங்கள் எல்லோருடைய கட்டைவிரல் நகமும் கருகியிருக்கும், பெண் பார்க்கப் போகிற இடத்தில் நகத்தைப் பார்த்தே எந்தக் கட்சி என்று கண்டுபிடித்துவிடுவார்கள். நாலு பாகத்திலும் ராசு எவன் முன்னாலும் குனிந்ததில்லை. ஒவ்வொரு பாகத்துக்கும் எங்களுக்கு ஒரு வயது இருந்தது: முதல் பாகத்தில் கேட் ஏறிக் குதித்தோம், இரண்டாம் பாகத்தில் முதல் சம்பளத்தில் டிக்கெட் எடுத்தோம், மூன்றாம் பாகத்தில் பெண்டாட்டியைக் கூட்டிப் போனோம், நாலாம் பாகத்தில் பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு போனோம். அதற்குப் பிறகு பதினோரு வருஷம் ஒன்றுமே வரவில்லை.

ஐந்தாம் பாகத்தில் ராசுவுக்குத் தலை நரைத்துவிட்டது. சென்னையில் ஒரு மாடிப்படிக்குக் கீழே குடியிருக்கிறான். நகத்தில் குச்சியை உரசுகிறான், கை நடுங்குகிறது, குச்சி விழுகிறது. மறுபடி உரசுகிறான், மறுபடி விழுகிறது. நாங்கள் விசிலை வாயில் வைத்தபடியே காத்திருந்தோம், அவன் கடைசிவரை பற்றவைக்கவே இல்லை. இடைவேளைக்குப் பிறகு பஸ் ஏறிப் போய், முதல் பாகத்து ஜமீன்தார் படுத்த படுக்கையாய்க் கிடக்கிற வீட்டு வாசலில் நின்று, உன் பிள்ளையை நான் அடித்திருக்கக் கூடாது என்று மன்னிப்புக் கேட்கிறான். இரண்டு கிழவர்களும் கஞ்சி குடிக்கிறார்கள். படம் முடிந்துவிட்டது.

வெளியே வந்தபோது டிக்கெட் கவுண்டருக்குப் பக்கத்தில் சந்தனகுமார் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றார். மூன்று வருஷத்துக்கு முன்னால் அவருக்குப் பக்கவாதம் வந்து, கால் மீண்டுவிட்டது, வலது கை மட்டும் சொன்னபடி கேட்காமல் எந்நேரமும் நடுங்கிக்கொண்டிருக்கும். அச்சக வேலையை விட்டுவிட்டு ராசகனியின் பெட்டிக்கடையில் உட்கார்ந்திருந்தார்.

"என்னா படம் மச்சான்," என்றார். "அந்தக் குச்சி கீழ விழுகுற எடத்துல அழுதே போயிட்டேன்."

"எதைப் படம்ங்கிற?" என்றார் வெயிலுமுத்து. முகமெல்லாம் சிவந்திருந்தது. "முப்பது வருசமா எவனுக்கும் குனியாதவன், போயி அந்த ஜமீன் பய வாசல்ல கையக் கட்டிக்கிட்டு நிக்கிறான். இதுக்காடா நான் சாக்கு சாக்கா சேத்து வச்சேன்?"

"வயசாயிருச்சுல்ல மச்சான். ராசுவுக்கும் வயசாகும்ல?"

"அவனுக்கு எதுக்குடா வயசாகணும்? நமக்கு ஆகுறது பத்தாதா?"

சந்தனகுமார் சிரித்தார். அதோடு விட்டிருக்கலாம். வெயிலுமுத்துவுக்குக் கோபம் வந்தால் வாய் அவர் பேச்சைக் கேட்காது. "உனக்கு ஏன் புடிக்காது? கை நடுங்குறவனுக்குக் கை நடுங்குற ஹீரோவைத்தான் புடிக்கும்," என்றார், மன்றத்துப் பையன்கள் அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி. சந்தனகுமார் வலது கையைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டு, படியில் மெல்ல இறங்கி, வெயிலில் தனியாக நடந்து போனார். இரண்டு வாரத்தில் சுடர்க்கொடிக்குக் கல்யாணம். எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் மணப்பெண்ணின் நெற்றியில் தாய்மாமன்தான் பட்டம் கட்ட வேண்டும், அதைக் கட்டாமல் தாலி ஏறாது. எல்லோருக்கும் அப்போது அந்த நினைப்புத்தான் வந்தது.

அந்த வாரம் ஊர் இரண்டாகப் பிரிந்தது. பிடித்த கட்சி ஒரு டீக்கடைக்குப் போனது, பிடிக்காத கட்சி எதிர்க்கடைக்குப் போனது. சலூனில் பாதி முகம் வழித்து முடித்த பிறகு படம் பிடிக்கவில்லை என்று வாயை விட்ட ஒருவர், மீதிப் பாதிக்கு வேறு கடை தேடிப் போக வேண்டியதாயிற்று. முதல் பாதி பரவாயில்லை, இரண்டாம் பாதிதான் இழுவை என்று நான் உண்மையைச் சொன்னேன், இரண்டு கடையிலும் எனக்கு டீ கிடைக்கவில்லை.

இத்தனை சண்டைக்கும் நடுவில் காகிதம் பாட்டுக்குக் காகிதம் நின்றுகொண்டிருந்தது. முத்துப்பேச்சியக்கா முதல் நாளே மானேஜர் துரைச்சிங்கத்திடம் போய், "கீழ கெடந்தா கூட்டுவேன், மேல நிக்கிறதக் கூட்டணும்னா சம்பளம் வேற," என்று கறாராகப் பேசிவிட்டாள். துரைச்சிங்கம் ஒரு நீளக் கம்பால் தட்டிப் பார்த்தார், நீர் பீய்ச்சிப் பார்த்தார், ஏ.சி.யைக் கூட்டிக் குறைத்துப் பார்த்தார். காகிதம் லேசாகத் திரும்பிக்கொடுத்தது, நகரவில்லை. பட்டாசு வட்டாரம் என்பதால் தீயணைப்பு நிலையத்திலிருந்தும் வந்தார்கள். காகிதம் தரையில் கிடந்தால் விதி இருக்கிறது, கூரையில் தொங்கினாலும் விதி இருக்கிறது, இரண்டுக்கும் நடுவில் சும்மா நின்றால் என்ன செய்வதென்று மேலிடத்தைக் கேட்டுச் சொல்கிறோம் என்றார்கள். பிறகு ஆளுக்கொரு டீ குடித்துவிட்டு, அண்ணாந்து தங்கள் தங்கள் கல்யாண நாளைத் தேடிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

அப்படித்தான் அந்தப் பழக்கம் ஆரம்பித்தது. நாலாகக் கிழித்தாலும் ஒரு துண்டில் தேதி இருக்கும், ஒன்றில் மாதம் இருக்கும், ஒன்றில் வருஷம் இருக்கும், கிழிந்தவை அநேகமாகப் பக்கத்தில் பக்கத்திலேயே நின்றன. பதினோரு வருஷத்து நாளும் பவளம் தியேட்டரின் காற்றில் இருக்கிறது என்று தெரிந்ததும் சினிமாவே பார்க்காத சனமெல்லாம் டிக்கெட் எடுத்துக்கொண்டு வந்தது. மகன் வெளிநாட்டுக்கு விமானம் ஏறிய செவ்வாய்க்கிழமையைத் தேடி ஒரு தாய் வந்தாள், அது எச் வரிசைக்கு மேலே நிற்பதைக் கண்டுபிடித்து, அதற்கு நேர் கீழே இருக்கிற நாற்காலியைத் தினமும் மேட்னிக்குக் கேட்டு வாங்கி உட்கார்ந்தாள். வீட்டுக்குக் கடைக்கால் போட்ட நாள் ஒருவருக்கு, நாய் காணாமல் போன நாள் ஒருவருக்கு. தன்னை வேண்டாம் என்று ஒருத்தி சொன்ன ஞாயிற்றுக்கிழமையின் சிவப்புத் தேதிக்குக் கீழே ஒரு தபால்காரர் உட்கார்ந்து, அதில் தன் ராசிக்கு 'ஆதாயம்' என்று போட்டிருந்ததைப் படித்துவிட்டு, அன்றைக்குத்தான் அவருக்கு அது புரிந்ததுபோல் வெகுநேரம் சிரித்தார். திரையில் ராசு மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருப்பான், ஒருவரும் திரையைப் பார்க்க மாட்டார்கள். மாநிலம் முழுக்கப் படம் காற்று வாங்கியபோது எங்கள் ஊரில் மட்டும் ஹவுஸ்ஃபுல் பலகை மாட்டியிருந்தார்கள்.

காகிதம் ஏன் நிற்கிறது என்பதற்குப் பிடித்த கட்சி ஒரு காரணம் சொன்னது, பிடிக்காத கட்சி ஒரு காரணம் சொன்னது. படத்தின் மகிமை என்றார்கள் அவர்கள். இந்தப் படத்துக்காக விழ அதற்கே மனசு வரவில்லை என்றார்கள் இவர்கள். நாளாக ஆக அந்தப் பேச்சும் ஓய்ந்தது. தியேட்டருக்குப் போனால் தலைக்கு மேல் நாட்கள் நிற்கும் என்பது, மழைக்காலத்தில் ஊரணியில் தண்ணீர் நிற்கும் என்பது மாதிரி ஊருக்குப் பழகிவிட்டது.

வெயிலுமுத்து மட்டும் அந்தப் பக்கமே போகவில்லை. சந்தனகுமார் அந்தப் படத்தை ஐந்து தடவை பார்த்துவிட்டார், ஐந்து தடவையும் அழுதார் என்று யார் யாரோ போய் அவரிடம் சொன்னார்கள். மெஷின் சத்தத்தில் காது கேட்கவில்லை என்று சொல்லிவிட்டார். கல்யாணத்துக்கு நாலு நாள் இருக்கும்போது சுடர்க்கொடி நேரே அச்சகத்துக்கு வந்தாள். விருதுநகரில் ஒரு ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கிறவள், யாரிடமும் சுற்றி வளைத்துப் பேசமாட்டாள். மெஷினை நிறுத்தச் சொன்னாள், அவர் நிறுத்தினார். அங்கேயே வேலை பார்க்கிற நான், தாள் அடுக்குவதுபோல் பக்கத்தில் நின்றுகொண்டேன்.

"மாமா, படம் நல்லாருக்கா இல்லையானு கேக்க நான் வரல. வெள்ளிக்கிழமை வருவீங்களா மாட்டீங்களா?"

"உங்கப்பன் என்ன சொல்றான்?"

"அவரு ஒன்னுமே சொல்லல. அதுதான் பயமா இருக்கு. கைய எப்பப் பாத்தாலும் துண்டுக்குள்ளயே வச்சிருக்காரு. சாப்பிடும்போதுகூட வெளிய எடுக்க மாட்டேங்காரு."

வெயிலுமுத்து மெஷின் மேலிருந்த தூசியைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார். "நான் சொன்னது தப்புத்தான் தாயி. எனக்குத் தெரியாதா? ஆனா இப்ப நான் போயி அவன் வாசல்ல நின்னு மன்னிப்புக் கேட்டா என்ன ஆகும்? அந்தப் படத்துல அவன் பண்ணதையே நானும் பண்ணதா ஆகும். அப்ப அது நல்ல படம்னு ஆயிரும்ல?"

"அதுக்காக எனக்குப் பட்டம் கட்ட வராம இருப்பீங்களா?"

"ராசு அப்பிடிப்பட்டவன் இல்ல தாயி," என்றார் அவர், கெஞ்சுகிற குரலில். "நாலு பாகமும் நாங்க பாத்தோம்ல. எங்களுக்குத் தெரியும்ல."

"வேற யாரும் எனக்குக் கட்ட வேண்டாம். இதை மட்டும் சொல்லத்தான் வந்தேன்," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். வெளியிலிருந்து பார்த்தால் சிரிப்பாகத்தான் இருக்கும். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு மனுஷன் முப்பது வருஷமாக நிமிர்ந்து நிற்பதற்கு எதைப் பிடித்துக்கொண்டிருந்தானோ அதை ஒரே காலையில் பிடுங்கினால் அவன் எங்கே போவான் என்று எங்களுக்குக் கொஞ்சம் தெரியும்.

வியாழக்கிழமை மத்தியானம் துரைச்சிங்கம் அச்சகத்துக்கு ஆள் அனுப்பாமல் அவரே வந்தார். மறுநாள் வேறொரு நடிகரின் புதுப்படம். "அவங்க மன்றத்துப் பயக வந்து சத்தம் போடுறானுக அண்ணாச்சி. உங்க ஆளு பேப்பர்ல எங்க ஆளு மூஞ்சி விழக் கூடாதுங்கிறானுக. நீங்க ஏத்துனதை நீங்கதான் எறக்கணும்." வெயிலுமுத்து மறுப்பே சொல்லாமல் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். ஏணியைப் பிடிக்க என்னைக் கூட்டிப் போனார்.

மேட்னி ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் படம் ஓடுகிற கடைசி நாள் அது. உள்ளே இருந்தவர்கள் தங்கள் தங்கள் நாளுக்கு அடியில் அண்ணாந்தபடி உட்கார்ந்திருந்தார்கள், ஏணி வைத்ததற்கு யாரும் சத்தம் போடவில்லை. வெயிலுமுத்து ஏறினார். காகிதங்களின் நடுவில் அவர் தலை போனதும் புரொஜெக்டர் வெளிச்சம் அவர் மேலும் அவரைச் சுற்றி நின்ற துண்டுகளின் மேலும் விழுந்தது. திரையில் ராசு குச்சியை உரசுகிற இடம். ஒரு துண்டில் ராசுவின் கண், ஒரு துண்டில் நரைத்த மீசை, வெயிலுமுத்துவின் மூக்குக்கு நேரே நின்ற ஒரு துண்டில் நடுங்குகிற விரல்கள். அவர் அதைப் பறிக்கக் கையை நீட்டினார். நீட்டிய கை பாதியிலேயே நின்றுவிட்டது.

"என்னண்ணே?" என்றேன்.

அவர் பக்கத்துத் துண்டைப் பார்த்தார். அதற்கடுத்ததைப் பார்த்தார். ஏணியில் ஒரு படி ஏறி, இன்னும் உள்ளே இருந்ததைப் பார்த்தார். பொது முடக்கத்து மாதங்கள் அந்தப் பக்கம் நின்றன. தெருவில் தலை காட்ட முடியாத அந்த நாட்களில், ஒரு தாளும் விட்டுப்போகக் கூடாதென்று சந்தனகுமார் சாயங்காலந்தோறும் கொல்லைச் சந்துகள் வழியாக ஒளிந்து ஒளிந்து மன்றத்துக்கு வந்து கிழித்துப் போட்டுவிட்டு, கிழித்தாச்சு என்று இவருக்குப் போன் செய்வார். படம் வருகிற வாரம் இரண்டு சாக்கைச் சந்தனகுமார் கிழித்துத் தருவதாகத் தன் வீட்டுக்கு எடுத்துப் போயிருந்தார்; பெண்டாட்டியும் மகளும் கிழித்துக் கொடுத்திருப்பார்கள் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். வெயிலுமுத்து கிழித்த துண்டுகள் எல்லாம் கோடு போட்ட மாதிரி நேராக நின்றன. அவரைச் சுற்றி நின்றவையோ கோணல்மாணலாக, விளிம்பெல்லாம் பிய்ந்து, ஒவ்வொன்றின் ஓரத்திலும் சின்னச் சின்னக் குழியாக இருந்தன. கூரை வரைக்கும் பாதிக்கு மேல் அப்படித்தான் இருந்தன.

இடைவேளைக்கும் இறங்காமல், படம் முடியும்வரை அவர் ஏணியிலேயே நின்றார். ஒரு துண்டையும் தொடவில்லை. விளக்குப் போட்டதும் இறங்கி வந்து, கீழ்ப்படியில் உட்கார்ந்துகொண்டார்.

"பல்லால கடிச்சிருக்கான்டா," என்றார். "ஒத்தக் கையில புடிச்சுக்கிட்டு, பல்லால கடிச்சே ரெண்டு சாக்கையும் கிழிச்சிருக்கான். எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல."

ஏதாவது பேச வேண்டுமே என்று, "படம் ரெண்டாவது தடவை எப்பிடிண்ணே இருக்கு?" என்று கேட்டுவிட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் நான் ஏணியைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டேன்.

மறுநாள் முகூர்த்தம். மண்டபம் தியேட்டர் இருக்கிற அதே தெருவில்தான். விடிந்ததிலிருந்து ராசகனி வாசலுக்கும் மணவறைக்கும் நடந்துகொண்டே இருந்தாள். ராசகனியின் ஒன்றுவிட்ட சித்தப்பா மகன் ஒருவரைத் தாய்மாமன் இடத்தில் உட்கார வைத்துவிடலாம் என்று பெரியவர்கள் பேசிப் பார்த்தார்கள், சுடர்க்கொடி தலையை ஆட்டிவிட்டாள். மாப்பிள்ளை ஓசூர்க்காரர், தாய்மாமன் எங்கே என்று அவர் வீட்டார் கேட்க, ஒரு சினிமா விஷயமாகக் கோபம் என்று யாரோ சொல்ல, அவர் சினிமாவில் இருக்கிறாரா என்று அவர்கள் மரியாதையோடு விசாரித்தார்கள். சந்தனகுமார் வாசலில் சந்தனக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் நின்றார். வருகிறவர்களை இடது கையால் கும்பிட்டார். வலது கை பட்டுத் துண்டுக்குள் இருந்தது.

முகூர்த்தத்துக்குக் கொஞ்ச நேரம் இருக்கும்போது நாங்கள் வந்து சேர்ந்தோம். மன்றத்துக்காரர்கள் எல்லோர் கையிலும் சீர்த்தட்டு: பழம், பட்டுப்புடவை, மாலை, மஞ்சள் குங்குமம், நடுத் தட்டில் தங்க நிறத்தில் பட்டம். தட்டு தூக்கி வந்த வழியெல்லாம் வெயிலுமுத்து ஐந்தாம் பாகத்தைத் திட்டிக்கொண்டேதான் வந்தார். இரண்டாவது தடவை பார்த்ததில் இன்னும் மோசமாக இருக்கிறது என்றார், எடுத்தவனைக் கட்டிங் மெஷினில் வைக்க வேண்டும் என்றார், கஞ்சி குடிக்கிற காட்சியை நினைத்தாலே வயிறு எரிகிறது என்றார். மண்டப வாசலில் சந்தனகுமாரைப் பார்த்ததும் பேச்சு நின்றது. மேளக்காரர்கள்கூட வாசிப்பைக் குறைத்துவிட்டார்கள்.

சந்தனகுமார்தான் முதலில் பேசினார்.

"வா மச்சான். நானும் யோசிச்சுப் பாத்தேன். படம் ஒன்னும் சரியில்ல. நீ சொன்னதுதான் சரி. ராசு அப்பிடிச் செஞ்சிருக்கக் கூடாது."

ஐந்து தடவை அழுத மனுஷன் அதைச் சொன்னார். வெயிலுமுத்துவின் முகம் கோணிக்கொண்டு போயிற்று.

"இல்ல மாப்ள," என்றார். "நேத்து மறுபடி பாத்தேன். நல்ல படம். நல்ல படம்தான் மாப்ள. எனக்குத்தான் பாக்கத் தெரியல."

"நீ எதுக்கு மச்சான்…"

"இருடா. அன்னைக்கு நான் உன்னைச் சொன்னேன்ல, அந்த வார்த்தை…" துண்டுக்குள் கையை விட்டுச் சந்தனகுமாரின் வலது கையை வெளியே எடுத்து, அத்தனை பேர் முன்னாலும் தன் இரண்டு கைகளுக்குள் பிடித்துக்கொண்டார். அது அவர் கைக்குள்ளேயே நடுங்கிக்கொண்டிருந்தது, இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

ராசகனி உள்ளேயிருந்து வந்தாள். அவள் முகம் ஈரமாக இருந்தது, குரல் மட்டும் கடையில் கடன்காரனிடம் பேசுகிற குரல். "ரெண்டு பேரும் பொய் சொன்னது போதும்ண்ணே. நேரமாகுது, வந்து பட்டத்தக் கட்டுங்க."

மணவறையில் சுடர்க்கொடிக்குப் பின்னால் வெயிலுமுத்து நின்று, பட்டத்தை நெற்றியில் வைத்து, நூலைப் பின்பக்கம் கொண்டுபோனபோது மண்டப வாசலில் துரைச்சிங்கம் மூச்சிரைக்க வந்து நின்றார். "அண்ணாச்சி, காகிதம் எறங்குது! ஒன்னொன்னா எறங்குது, தரையெல்லாம் ஆயிருச்சு! கூட்டவா வேண்டாமானு முத்துப்பேச்சி கேக்குறா!"

கூட்டத்தில் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. எல்லோரும் வெயிலுமுத்துவைப் பார்த்தார்கள். பதினோரு வருஷம் சாயங்காலந்தோறும் சேர்த்து வைத்தவர். அவர் நூலை விடாமல், தலையைத் தூக்காமல் சொன்னார்:

"கூட்டச் சொல்லுங்க."

துரைச்சிங்கம் போனார். வெயிலுமுத்து ஒரு முடிச்சுப் போட்டார், அது நழுவிற்று. கண் நிறைந்து போனதால் பூவும் நூலும் ஒன்றாகத் தெரிந்திருக்க வேண்டும், மறுபடி போட்டார், மறுபடியும் நழுவிற்று. ஐயர் மணியைப் பார்த்தார். மாப்பிள்ளை வீட்டார் எட்டிப் பார்த்தார்கள். சந்தனகுமார் பக்கத்தில் வந்து, நடுங்குகிற கையின் ஒரு விரலை முடிச்சின் மேல் அழுத்தி வைத்துக்கொண்டு, "ம், இப்பப் போடு," என்றார்.

"இரு தாயி, ஆயிருச்சு, இந்தா ஆயிருச்சு," என்றார் வெயிலுமுத்து.

"மெதுவாக் கட்டுங்க மாமா," என்றாள் சுடர்க்கொடி, திரும்பிப் பார்க்காமல். "நான் எங்க போயிறப் போறேன்."

சாயங்காலம் நாலு மணிக்கு அவளை ஓசூருக்குக் கூட்டிப் போகிற வேன், மண்டபத்து வாசலில் அப்போதே வந்து நின்றிருந்தது.